மூன்று நாள் விருந்து

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை ஊருக்கெல்லாம் தெரியும். ஓநாய் ஆட்டைக் கூப்பிட்டு மேசை போட்டு விருந்து வைத்த கதை பத்து பாகாட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருடம் அது. வெள்ளைக்கார துரைமார் ஓடிப்போயிருந்தார்கள். ரப்பர் பாலை வாங்க ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. லயத்து வீடுகளில் அரிசி வாசனையே மறந்துபோய், காலையும் மரவள்ளிக் கிழங்கு, மாலையும் மரவள்ளிக் கிழங்கு என்று ஆகியிருந்தது. பசித்தவனிடம் சோறு என்று சொன்னால் போதாதா? சயாமில் ரயில் பாதை போடுகிறோம், மூன்றே மாத வேலை, வயிறு நிறையச் சோறு என்று சொல்லிப் பன்னிரண்டு ஆண்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பேர் எழுதிக் கொடுத்தவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சதாசிவம்.

கருப்பாயியின் புருசன் ஐயாசாமி அந்தப் பன்னிரண்டில் ஒருவன். மூன்று மாதம் என்று போனவன் ஆறாவது மாதமாகியும் திரும்பவில்லை. ஒரு கடுதாசி கிடையாது, ஆள் மூலம் ஒரு சேதி கிடையாது. கிராணியைப் போய்க் கேட்டால், யுத்த காலம், தபால் வராது என்று ஒரே பாட்டைப் பாடுவார். கருப்பாயிக்குப் பிள்ளை குட்டி இல்லை. தம்பி மூர்த்தியைத்தான் பிள்ளையாக வளர்த்து இருபது வயது ஆளாக்கியிருந்தாள். இப்போது இரண்டாவது நடைக்கு முப்பத்திரண்டு பேர் வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மூர்த்தியின் பேரும் அதில் இருந்தது.

துப்பாக்கியைக் காட்டினால் ஆள் காட்டுக்குள் ஓடிவிடுகிறான் என்பது ஜப்பான்காரனுக்கு அதற்குள் புரிந்திருந்தது. அதனால் வேறு வழி பார்த்தான். ஒரு நாள் அதிகாரி ஒருவன் வந்து இறங்கி, உடைந்த இங்கிலீஷில் பேச, கிராணி அதைத் தமிழில் சொன்னார். சயாமுக்குப் போன வீரர்களின் பெண்சாதிமார் பன்னிரண்டு பேரும் ஜொகூர் பாருவில் மூன்று நாள் விருந்தாளிகள். ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், அதிகாரிகள் தங்கும் ஓட்டலில் சாப்பிடலாம், புருசன்மாரின் சேதியையும் அங்கே கேட்டுக்கொள்ளலாம். திரும்பி வந்து, கண்டதையும் உண்டதையும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மறுநாள் லோரி வரும்.

மூர்த்தி அக்காளிடம் வந்து நின்றான். அவனுக்குக் கிழங்கு தின்று தின்று கால் வீங்கியிருந்தது. "நீ போய்ப் பாத்துட்டு வாக்கா. மாமா நல்லாருக்காருன்னு நீ சொன்னா நான் ஏறுறேன். நீ வேணான்னு சொன்னா, பின்னால காட்டு வழி இருக்கு" என்றான். அவன் மட்டுமல்ல, அந்த முப்பத்திரண்டு பேரும் இவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் பொய் வராதவள் என்று லயத்தில் அவளுக்குப் பேர். சண்டைக்காரி என்றும் ஒரு பேர் உண்டு. இரண்டும் உண்மைதான்.

லோரி விடியற்காலை கிளம்பி வெயில் உச்சிக்கு வந்தபிறகுதான் ஜொகூர் பாருவைத் தொட்டது. உடைந்த பாலத்தில் எல்லாம் பலகை போட்டிருந்தது. ஒவ்வொரு காவல் சாவடியிலும் இறங்கி இடுப்பு வளைத்துக் கும்பிட வேண்டும். தம்போய் தாண்டுவதற்குள் கருப்பாயிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. விருந்தாளி இப்படித்தான் குனிந்து குனிந்து வருவானா என்று ராஜம்மாவிடம் கேட்டாள். ராஜம்மா பக்கத்து வீட்டுக்காரி, வீரமுத்துவின் பெண்சாதி, எதற்கும் பயப்படுகிறவள். மெதுவாகப் பேசு என்று இவள் தொடையைக் கிள்ளினாள்.

ஊர் அழகான ஊர்தான். அதை இல்லை என்று சொல்ல முடியாது. கடலோரமாகச் சாலை, அரண்மனைப் புல்வெளி, மேட்டின் மேல் கோபுரம் வைத்த பெரிய அரசாங்கக் கச்சேரிக் கட்டடம். அதையெல்லாம் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். ஆனால் பாசாரைக் கடக்கும்போது கருப்பாயியின் கண் வேறு இடத்தில் இருந்தது. ஒரு கட்டி சவர்க்காரத்துக்கு ஒரு சீனக் கிழவர் ஜப்பான்காரன் அடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டைக் கைப்பிடியாக நீட்டினார். கடைக்காரன் இன்னும் கொடு என்றான். கோழிமுட்டையைத் தங்கம் போல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். காசு உள்ளவனே பட்டினி கிடக்கிற ஊரில், காசில்லாத தங்களுக்கு விருந்து எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வரிசையில் நின்ற ஜனங்கள் இந்தப் பன்னிரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஓட்டலில் ஆளுக்கொரு புதுச் சேலை கொடுத்தார்கள். சாக்கைத் தைத்து உடுத்தி வந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். செல்லம் என்கிற சின்னப் பெண் சேலையை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். அப்போது, மொழிபெயர்க்கக் கூடவே வந்திருந்த கிராணி வந்து, சேலையில் கறை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படம் பிடித்து முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். செல்லத்தின் முகம் விழுந்துபோயிற்று. கருப்பாயிக்கு அங்கேயே அதை அவிழ்த்துக் கிராணி மூஞ்சியில் எறிந்துவிட வேண்டும் போல இருந்தது. புருசன் சேதி கிடைக்கட்டும் என்று அடக்கிக்கொண்டாள். எப்போது சொல்வார்கள் என்று கேட்டாள். சாப்பிடும் இடத்தில் சொல்வார்கள் என்றார் அவர். அவருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால், படத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று, கடலைப் பார்த்த பெரிய அறையில் உட்கார வைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. ஒவ்வொருத்தி முன்னாலும் மூன்று தட்டு, கத்தி, முள்கரண்டி, சின்னதும் பெரிதுமாகக் கரண்டிகள். இத்தனை ஆயுதம் எதற்கு, கோழி திருப்பி அடிக்குமா என்று கருப்பாயி கேட்க, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மூன்று நாளில் அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதிகாரி எழுந்து கொஞ்ச நேரம் பேசினான். பக்கத்து மேசையில் பன்னிரண்டு அரிசிப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு வீரனின் பேரையும் கூப்பிட, அவன் பெண்சாதி வந்து பொட்டலத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், அதைப் படம் எடுப்பார்கள், பிறகு சாப்பாடு. கிராணியின் பட்டியல் வரிசையிலேயே சயாமில் எழுதி வந்த தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்துப் படி என்றான். கிராணி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி வைத்து, தொண்டையைச் செருமினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். சதாசிவம் இருபத்திரண்டு வருடமாகப் பெரட்டு எடுத்தவர். காய்ச்சலில் படுத்திருந்தாலும் அவர் வாய் பேர் கூப்பிடும். செத்துப்போன ஆள், ஓடிப்போன ஆள், சீட்டு கிழிக்கப்பட்ட ஆள் என்றால், பேரின் மேல் சிவப்புக் கோடு ஒன்று இழுத்திருக்கும். கோடு விழுந்த பேரில் அவர் கண் நிற்காது. தாண்டிப் போய்விடும். வரிசையில் நிற்கிற ஜனத்துக்கும் அது தெரியும். ஒருநாள் பேர் கூப்பிடவில்லை என்றால் கேட்கவே வேண்டாம், ஆள் இல்லை.

"வீரமுத்து" என்று கூப்பிட்டார். ராஜம்மா எழுந்து போய்ப் பொட்டலத்தை வாங்கினாள். பெரட்டில் வீரமுத்துவுக்கு அடுத்த பேர் ஐயாசாமி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கருப்பாயி காதில் அந்த இரண்டு பேரும் மாடும் வண்டியும் போல ஒன்றாகத்தான் விழுந்திருக்கின்றன. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

"பூமாலை" என்றார் கிராணி.

பூமாலையின் பெண்சாதி எழுந்து போனாள். கருப்பாயி பாதி எழுந்தபடியே நின்றாள். கிராணி அதே ராகத்தில் படித்துக்கொண்டே போனார். ஏழு பேர் கூப்பிட்டுவிட்டுத் தாளை மடித்தார். ஐந்து பெண்கள் அப்படியே இருந்தார்கள். மேசையில் ஐந்து பொட்டலம் மீதி இருந்தது. அதிகாரி பொட்டலத்தையும் பார்த்தான், கிராணியையும் பார்த்தான். சதாசிவம் தாளைத் திரும்ப விரித்தார்.  விட்டுப்போச்சு, விட்டுப்போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டு மிச்சம் ஐந்து பேரையும் கூப்பிட்டார். ஐயாசாமி பேர் முதலில் வந்தது. செல்லத்தின் புருசன் பேர் கடைசியில் வந்தது.

கருப்பாயி போனாள். பொட்டலத்துக்குக் கை நீட்டும்போது தாளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கோடு தெரியும். வரிசையில் இரண்டாவதாக இருந்த பேரின் மேல், அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக, ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

அதிகாரி அவளைச் சிரிக்கச் சொன்னான். படக்காரனும் பல்லைக் காட்டிக் காட்டினான். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள். செத்தவனின் பெண்சாதிக்குப் புதுச்சேலை கட்டி, பூ வைத்து, மேசையில் உட்கார்த்தி, அடுத்த லோரிக்கு ஆள் பிடிக்கப் படம் எடுக்கிறார்கள். கோடு போட்ட தாளைக் கூலிக்காரப் பெண்கள் கண்டுகொள்வார்கள் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.  கருப்பாயி கையில் இருந்த அரிசியை அதிகாரி முகத்தில் அடித்திருப்பாள். ராஜம்மா ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புருசன் இன்னும் அங்கதான் இருக்காரு கருப்பாயி" என்றாள், உதடு அசையாமல். அதற்கு மேல் கருப்பாயியால் என்ன செய்ய முடியும்? போய் உட்கார்ந்தாள்.

பிறகு சாப்பாடு வந்தது. முதலில் கோழிச்சாறு, அதன் பிறகு எலும்பெடுத்த மீன், அதன் பிறகு முழுக்கோழியை வெண்ணெயில் பொரித்து உருளைக்கிழங்கோடு, வெள்ளைக்காரன் விட்டுப்போன தட்டுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். இழவு விழுந்த சேதி காதில் பட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் தின்றாள். படக்காரன் நின்றதால் தின்றாள் என்று பின்னாளில் அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. பசி, தின்றாள். ஆறு மாதமாகக் கிழங்கைத் தவிர ஒன்றையும் காணாத வயிறு, செத்தது யார் என்று கேட்கவில்லை. கோழி ருசியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த நாக்கை அறுத்து எறிந்துவிடலாமா என்று நினைத்துக்கொண்டே முட்டையும் பாலும் கலந்து செய்த இனிப்பையும் வழித்துத் தின்றாள்.

மறுநாள் காலை கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கரையில் தெரிவது சிங்கப்பூர், இப்போது அதற்கு வேறு பேர் வைத்திருக்கிறோம், வெள்ளைக்காரன் குண்டு வைத்து உடைத்த, கடலின் குறுக்கே போகும் தாம்போதிச் சாலையை நாங்கள்தான் சரி செய்தோம் என்று அதிகாரி பெருமையடித்தான். கருப்பாயி கிராணியைத் தனியாக ஒரு மரத்தடியில் மடக்கினாள்.

"எப்பங்க?" என்றாள்.

அவர் தெரியாதவர் மாதிரி கடலைப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில், பேருக்கு நேரே மாசம் போட்டிருந்தது, போன மூன்றாவது மாதமே, வாந்திபேதியாம் என்றார். கோட்டைத் தாண்ட வேண்டும் என்று தான் நினைக்கவே இல்லை, கண் தானாகத் தாண்டிவிட்டது, பழக்கம் என்றார்.

"பழக்கம் பொய் சொல்லலீங்க. நீங்கதான் சொல்லுவீங்க" என்றாள் கருப்பாயி.

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். அழுதுவிடாதே, அதிகாரி இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், அழுதால் விஷயம் தெரிந்துபோயிற்று என்று கண்டுகொள்வான், அப்புறம் உங்களில் ஒருத்தியும் தோட்டத்துக்குத் திரும்ப மாட்டீர்கள் என்று கெஞ்சினார். மூன்று மாதமாகத் தான் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, புருசன் வருவான் என்று கிழங்கில் பாதியை எடுத்து வைத்ததெல்லாம் கருப்பாயிக்கு நினைவு வந்தது. அழவில்லை, குளிக்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராகக் கடலில் இறங்கினாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று தரம் தலை மறையும்வரை முழுகினாள். அவளைப் பார்த்து, புருசன் பேர் தாண்டப்பட்ட மற்ற நான்கு பேரும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இறங்கினார்கள். செல்லம் சின்னப் பெண், அவளுக்குக் கால் நிற்கவில்லை. கருப்பாயிதான் அவள் பிடரியைப் பிடித்து முழுக வைத்தாள். கரையில் நின்ற அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தான். தோட்டத்துப் பெண்கள் கடலைக் கண்டதும் குழந்தைகளாகிவிட்டார்கள் என்று படக்காரனைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னான். புதுச்சேலை உப்புத் தண்ணீரில் ஊறிப் பாழாகிறதே என்று மட்டும் கிராணியிடம் கேட்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரத்தில், லோரி தோட்டத்துக்குத் திரும்பியது. பெரட்டு எடுக்கும் திடலில் சனம் கூடியிருந்தது. மூர்த்தி முன்னால் நின்றான். துணிமூட்டையைக் கட்டித் தோளில் மாட்டியிருந்தான். மாமா நன்றாகத்தான் இருப்பார் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் கருப்பாயிக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் கண்ணில் வந்தது. இவனையும் அதே மாதிரித் தாளில் ஏற்றி, இவன் மேலும் அளவுகோல் வைத்துக் கோடு இழுப்பார்கள்.

அதிகாரி ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றான். ராஜம்மாவைப் பேசச் சொன்னார்கள். அவள் நன்றாக இருந்தது, நன்றாக இருந்தது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்து கருப்பாயியைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் சொல்லச் சொல்ல அதை இங்கிலீஷில் சொல்வது கிராணியின் வேலை. தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் அந்தத் திடலில் அவர் ஒருவர்தான்.

கருப்பாயி ஊரைப் பற்றிச் சொன்னாள். அரண்மனையைச் சொன்னாள், மேசையைச் சொன்னாள், கோழியை எப்படிப் பொரித்திருந்தார்கள் என்பதைக்கூடச் சொன்னாள். சனம் எச்சிலை விழுங்கியது. கிராணி ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், பாசாரில் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"சாப்பாட்டுக்கு முன்னால கிராணியாரு பேரு கூப்பிட்டாரு. பன்னண்டுல ஏழுதான் கூப்பிட்டாரு. ஒங்க மாமா பேர கூப்பிடல. நான் தின்னது என் புருசனோட கருமாதிச் சோறு. நாங்க அஞ்சு பேரும் கடல்ல முழுகிட்டுத்தான் வந்திருக்கோம்."

 அதிகாரி கிராணியைப் பார்த்தான்.  அவள் சொன்னதை அவர் அப்படியே சொன்னால் போதும், அந்தப் பெண்ணின் தலை அங்கேயே உருளும். இருபத்திரண்டு வருடமாகத் துரைமாரிடம் உள்ளதை உள்ளபடி ஒப்பித்தே வயிறு வளர்த்த மனிதர் அவர். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இப்படிப்பட்ட சாப்பாட்டைத் தன் ஆயுளில் சாப்பிட்டதில்லை என்கிறாள், கடலில் குளித்ததை மறக்கவே முடியாது என்கிறாள். இதுதான் அவர் சொன்னது என்று யுத்தம் முடிந்தபிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அதிகாரி பல் தெரியச் சிரித்ததும், அந்தத் திடலில் அவன் ஒருவன் மட்டும் கை தட்டியதும்தான்.

மூர்த்தி தோளில் இருந்த மூட்டையை இறக்கவில்லை. அக்காளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பின்பக்கமாக நகர்ந்தான்.

மறுநாள் ஜப்பான் நேரப்படி ஏழு மணிக்கு, அதாவது கோழி கூவுகிற நேரத்தில், இரண்டு லோரிகள் வந்து நின்றன. கிராணி திடலில் நின்று முப்பத்திரண்டு பேரையும் கூப்பிட்டார். பதில் இல்லை. அதிகாரி திரும்பக் கூப்பிடச் சொன்னான். திரும்பக் கூப்பிட்டார். மூன்றாவது தரமும் கூப்பிட்டு முடித்தபோது அவன் அவரை அறைந்தான். கண்ணாடி தெறித்துப் போய் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரைப் பூட்ஸ் காலால் உதைத்தான். சிப்பாய்கள் லயம் முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டு கிடந்த இரண்டு வயதானவர்களை இழுத்து வந்து, இது எதற்கும் ஆகாது என்று தள்ளிவிட்டார்கள். அக்காள்காரி எங்கே என்று கேட்டு அவளுக்கும் இரண்டு அறை விழுந்தது. தம்பி எங்கே என்று கேட்டதற்கு, நேற்று மூட்டை கட்டினான், உங்கள் லோரிக்குத்தான் கட்டினான் என்று நினைத்தேன் என்றாள்.

கிராணி அடிபடுவதைப் பார்த்தபோது கருப்பாயிக்கு இரக்கம் வரவில்லை. ஒரு பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றினார் என்பதை அவள் ஊகித்துவிட்டாள். அதற்காக, முதல் லோரிக்குப் பேர் எழுதிய கை வேறு கை ஆகிவிடுமா? அவள் கோபத்தில் பாதிதான் ஜப்பான்காரனுக்கு. மீதிப் பாதியை அவருக்காக வைத்திருந்தாள், கடைசிவரைக்கும்.

லோரிகள் காலியாகக் கிளம்பின. சிவப்பு மண்சாலையின் வளைவில் திரும்பி, சத்தம் மெதுவாகக் குறைந்து, இல்லாமலே போனது. கருப்பாயி அதுவரை நின்றுகொண்டே இருந்தாள். பிறகு திடலிலேயே, பெரட்டில் ஐயாசாமி நிற்கிற இடத்தில் உட்கார்ந்தாள். கடற்கரையில் அழவில்லை, லோரியில் அழவில்லை, கூட்டத்தில் பேசியபோதும் அழவில்லை. இப்போது வாயைத் திறந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மற்ற நான்கு பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் ராஜம்மாவும் வந்து உட்கார்ந்தாள். அவள் புருசன் பேரைக் கூப்பிட்டார்கள் என்பது உண்மைதான். அந்தத் தாள் எழுதி எத்தனை நாளாயிற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.